மாதத்தின் இரண்டாவது ஞாயிறு

எட்டரை மணித் தமிழ்ப் பூசை முடிந்தால் பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்து சமைக்க வேண்டியதுதானே, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஏன் உனக்கு ஒரு மணி ஆகிறது என்று என் தங்கை போன வாரம் போனில் கேட்டாள். பல வருடமாக அவளுக்கு இந்தச் சந்தேகம். ஏதோ கூட்டம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவோ விளக்கியும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இருக்கிறேன். இப்போது அதைப் பொதுநிலையினர் பிரான்சிஸ்கன் சபை என்று எழுதுகிறோம், ஆனாலும் பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது மூன்றாம் சபைதான். முதலாவது அசிசியாரின், அதாவது அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின், துறவிகள் சபை, இரண்டாவது புனித கிளாரா வழி வந்த சகோதரிகளின் சபை, மூன்றாவது எங்களைப் போல வீட்டில் இருக்கிறவர்களுடையது. மடம் கிடையாது, அங்கி கிடையாது. கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அவரவர் வீட்டில் அவரவர் கவலையோடு இருந்தபடியே அசிசியார் வழியில் நற்செய்தியை வாழ்கிறேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் நாங்கள். கழுத்தில் சின்ன மரச் சிலுவை இருக்கும், ஆங்கில டி எழுத்து வடிவில். டவ் சிலுவை என்போம்.

எங்கள் பாட்டியும் இந்தச் சபைதான். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃபில் லைன் வீட்டில் இருந்தார். சேலைக்குள் உத்தரியமும் (கழுத்தில் மாட்டும் புனிதத் துணி) இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறும் கட்டியிருப்பார், அது எதற்கு என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. அவர் இறந்தபோது பழுப்பு நிற அங்கி போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். ஒரு சாமியாரைப் புதைப்பது போல இருந்தது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள், நாங்கள் பெங்களூர் வந்துவிட்டோம். பாட்டியின் கயிறு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 2017-ல் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சும்மா வந்து பார் என்று கூப்பிட்டபோது அந்தக் கயிற்றை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அப்புறம், இது ஏதோ புதிதாக ஆரம்பித்த செபக்கூட்டம் என்று தங்கை நினைக்கிறாள். 1221-லேயே வீட்டில் இருந்து தவ வாழ்வு வாழ்கிறவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை முறை எழுதப்பட்டது, அப்போது அசிசியார் உயிரோடு இருந்தார். 1289-ல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் ஒரு ஒழுங்கு, அதாவது சபைச் சட்டம், கொடுத்தார், 1883-ல் பதின்மூன்றாம் லியோ ஒன்று கொடுத்தார், பாட்டி பின்பற்றியது அதுதான். இப்போது எங்கள் கையில் இருப்பது ஆறாம் பவுல் 1978 ஜூன் 24-ம் தேதி கொடுத்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் கழித்து அவர் இறந்துபோனார். மொத்தமே 26 பிரிவுகள். சின்ன செபப் புத்தக அளவு, கைப்பைக்குள் அடங்கிவிடும்.

கூட்டம் கோயிலுக்குப் பின்னால் மறைக்கல்வி நடக்கும் அறையில். இருபது, இருபத்திரண்டு பேர் வருவோம். ஐடிஐ, பெல் போன்ற கம்பெனிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு அக்காமார், ஒரு ஆட்டோ ஓட்டுநர், கணக்கு எழுதுகிற நான். செபம், போன மாதக் குறிப்பு, யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் போய்ப் பார்ப்பது. ஒரு உறை கைமாறிப் போகும், முடிந்ததைப் போடலாம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. தலைவரை மினிஸ்டர் என்போம். அதற்கு ஊழியர் என்றுதான் பொருள், அசிசியாரே தம் சபைத் தலைவர்களுக்கு வைத்த பெயர் அது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். முடிக்கும்போது அமைதிக்கான செபம் சொல்வோம், எல்லோருக்கும் மனப்பாடம். அது அசிசியார் எழுதியதே இல்லை, 1912-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில்தான் முதலில் அச்சானது என்று சாமியார் ஒரு முறை சொன்னபோது சிலருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். இன்னும் சொல்கிறோம், யார் எழுதினால் என்ன.

இதற்கு நடுவில் ஒரு மணி நேரம் உருவாக்கப் பயிற்சி. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சேர்ந்த புதிதில் பயிற்சி என்றால் மறைக்கல்வி வகுப்பு மாதிரி, ஒரு நாள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதலில் சில மாதம் வந்து பார்க்க வேண்டும், பிறகு ஏற்றுக்கொள்வார்கள், பிறகு பயிற்சிக் காலம், பிறகு வார்த்தைப்பாடு. எனக்கு 2019 அக்டோபரில் வார்த்தைப்பாடு, வாழ்நாள் முழுமைக்கும். அடுத்த மாதமே பயிற்சியாளர் அதே புத்தகத்தை எடுத்து அதே நான்காம் பிரிவைத் திரும்ப வாசித்தார். நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும் வாழ்விலிருந்து நற்செய்திக்கும் போய் வர வேண்டும் என்கிற பிரிவு. இதை முடித்துவிட்டோமே என்று மெதுவாகக் கேட்டேன். யாரு முடிச்சா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

வாசிப்பதும் எங்களிடம் வேறு மாதிரி. வயதானவர்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இளையவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது, பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். அதனால் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒரு பத்தியை மூன்று நான்கு தடவை. முதல் இரண்டு தடவை காதில் விழும். மூன்றாவது தடவை எங்கேயோ குத்தும். வீட்டில் தனியாகக் கண்ணால் படித்திருந்தால் நான் நிச்சயம் தாண்டிப் போயிருப்பேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் ஒரு பெரியவர் இருக்கிறார். மாநகராட்சியில் தெரு கூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களில் பலர் காலை மாலை திருப்புகழ்மாலை என்கிற திருச்சபையின் அன்றாடச் செபத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்வோம், அவருக்குப் புத்தகம் பயன்படாது. 1223-ம் ஆண்டு ஒழுங்கில் அசிசியார் படிக்கத் தெரியாத சகோதரர்களுக்கென்று பரலோக மந்திரக் கணக்கு ஒன்று எழுதியிருக்கிறார். இரவுச் செபத்துக்கு 24, விடியலுக்கு 5, பிறகு பகலில் நான்கு வேளைக்கும் ஏழேழு, மாலைக்கு 12, படுக்கும் முன் 7. மொத்தம் 76. இதைச் சாமியார் ஒரு நாள் சொன்னார். பெரியவர் அன்றிலிருந்து தினமும் 76 சொல்கிறார். கொரோனா சமயத்தில் கூட்டம் நின்றுபோய் ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் போனில் சேர்ந்து செபித்தோமே, அப்போது கடைசியாகப் போனை வைக்கிறவர் அவர்தான், இன்னும் ஏழு பாக்கி இருக்கு என்பார்.

போன வருடம் தவக்காலத்தில் நடந்த கூட்டம். வாசிக்க எடுத்தது அசிசியாரின் இறுதிச் சாசனம், 1226-ல் சாவதற்குச் சற்று முன் அவர் சொல்ல எழுதியது. அதன் ஆரம்பம், தன் மனமாற்றத்தைப் பற்றி அவரே சொல்வது. பாவத்தில் இருந்தபோது தொழுநோயாளரைப் பார்ப்பதே எனக்குப் பெரும் கசப்பாக இருந்தது, ஆண்டவரே என்னை அவர்கள் நடுவே கூட்டிக்கொண்டு போனார், நான் அவர்களுக்கு இரக்கம் காட்டினேன், அவர்களை விட்டு வந்தபோது கசப்பாய் இருந்தது எனக்கு இனிப்பாக மாறியது. நான்தான் வாசித்தேன், நான்கு தடவை. பத்து நிமிடம் அமைதி. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள், பெரும்பாலும் நோயாளிகளைப் பார்க்கப் போவது பற்றி, மருத்துவமனை வாசனை பற்றி. நானும் மாமியாரைக் கடைசி காலத்தில் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன்.

பெரியவர் முறை வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு ஒண்ணும் பெருசா சொல்லத் தெரியாது சாமி. நீங்க எல்லாம் பிரான்சிஸ் பக்கம் நின்னு கேட்டீங்க. நான் அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். முப்பது வருஷம் தெரு கூட்டினேன். தண்ணி கேட்டா கைய ஏந்தச் சொல்லி ஊத்துவாங்க, இல்ல தனி டம்ளர் வச்சிருப்பாங்க. கோயிலுக்கு வர்ற வீட்டுலயும் அப்படித்தான். இந்தக் கூட்டத்துக்கு வந்த முதல் நாள் எல்லாருக்கும் குடுத்த டம்ளர்லயே எனக்கும் டீ குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம்கூட நான் விட்டதில்ல.”

யாரும் எதுவும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே, மீட்டர் பெட்டிக்கு மேலே, ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது.

காலையில் கசா வண்டியோடு, குப்பை வண்டிதான், ஒரு அம்மா வருவார். ஹசி கசா ஒண கசா, ஈரக் குப்பை உலர்ந்த குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லித் தினமும் மல்லுக்கட்டுகிற வேலை. வெயில் காலத்தில், அக்கா ஸ்வல்ப நீரு கொடி, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்பார். நான் மறுத்ததே இல்லை, எப்போது கேட்டாலும் கொடுப்பேன், அந்த டம்ளரில். அதை வைத்தது யார் என்றுகூட எனக்கு நினைவில்லை. இல்லை, நினைவு இருக்கிறது. சாம்பியன் ரீஃபில் பாட்டி வீட்டுப் பின்வாசலில் கக்கூஸ் சுத்தம் செய்ய வருகிறவருக்கென்று ஆணியில் ஒரு டம்ளர் தொங்கும். அதே போல ஒன்றை நான் இங்கே வைத்தேன். இடுப்பில் கயிறு கட்டி, தினமும் பூசைக்குப் போய், பழுப்பு அங்கியில் அடக்கமான என் பாட்டி. அவரை நான் மிகவும் நேசிக்கிறேன், இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சாதியை ஞானஸ்நானத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். கல்லறையைப் பிரித்து வைத்த ஊர்கள் நமக்குத் தெரியும், அங்கெல்லாம் நடக்கிறது என்று பேசுவோம், நம் வீட்டு மீட்டர் பெட்டி மேல் இருப்பதைப் பேச மாட்டோம்.

அன்று மதியமே அந்த டம்ளரை எடுத்துப் பழைய சாமான்களோடு போட்டேன். மறுநாள் காலை அந்த அம்மா தண்ணீர் கேட்காமலே சமையலறை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய் நீட்டினேன். அவர் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார், என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நன்றாகச் சொன்னதாக எல்லோரும் தலையாட்டினார்கள். டீ நேரத்தில் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். “அவங்க குடிச்சு முடிச்சதும் அந்த டம்ளரை எங்கம்மா வச்சீங்க?” என்றார்.

சிங்க்குக்குக் கீழே, தரையில், தனியாக. வெந்நீர் ஊற்றிக் கடைசியில் கழுவினேன். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்துக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

தங்கையே, இதற்குத்தான் போகிறேன். வீட்டில் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அங்கே நான் தேர்ந்தெடுக்காத இருபது பேரோடு மாதா மாதம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறேன். சிங்க்குக்குக் கீழே இருந்த டம்ளர் மற்றப் பாத்திரங்களோடு சேர எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. முதல் நாள் அதே டம்ளரில் காபி ஊற்றிக் குடித்தபோது இனிப்பாக எதுவும் இல்லை, வயிற்றைப் பிசைந்தது. அசிசியாருக்குக்கூட அவர்களிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான் இனித்தது என்பதை அதற்குப் பின்தான் கவனித்தேன்.

அந்த அம்மா இன்னும் அண்ணாந்துதான் குடிக்கிறார். வாய் வைத்துக் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவர் எப்படிக் குடிக்க வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்வது சரியில்லை என்று தோன்றுகிறது. டம்ளரை மட்டும் இப்போது என் கையில் தருகிறார்.

2026 அக்டோபர் 3-ம் தேதி மாலையோடு அசிசியார் இறந்து 800 வருடம். அன்று சாயங்காலம் அவருடைய இறப்பை நினைத்து வழிபாடு நடத்துவோம், அவர் கடைசியாகச் சொன்ன 142-ம் திருப்பாடலைச் சொல்வோம், தங்கை வருவதாக இருந்தால் ஏழு மணிக்கு வரட்டும். அதற்கு முன் இந்த மாதக் கூட்டம் இருக்கிறது. எல்லோரோடும், முக்கியமாக எளியவர்களோடு, சமமாக நம்மை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற 13-ம் பிரிவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று டீ கொடுப்பதும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. கோயிலில் பதினாறு டம்ளர்தான் இருக்கிறது, மீதி ஆறை வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டும்.