லாராவெல்ல பேக்கேஜ் போடுறதுக்கு முன்னாடி தமிழ்ல ஓட்டிப் பாருங்க

பிஎச்பியில வெப் ஆப் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க் லாராவெல், பேக்கேஜ்னா வேற யாரோ எழுதி வச்சு நாம எடுத்துச் சேத்துக்குற ரெடிமேட் கோடு. லாராவெல்ல வேலை பாக்குற பசங்க அடிக்கடி கேக்குறது "அண்ணா, இதுக்கு எந்த பேக்கேஜ் நல்லாருக்கும்"னுதான். கிட்ஹப்ல ஸ்டார் எத்தனை, பிஎச்பி பேக்கேஜ் எல்லாம் கிடைக்கிற பேக்கஜிஸ்ட் தளத்துல டவுன்லோட் எத்தனைன்னு பாத்துட்டு எடுத்துடுறாங்க. அதெல்லாம் பாக்கணும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா நம்ம ஊர் கஸ்டமருக்கு ஆப் பண்ணும்போது அதுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள தமிழ் போய் தமிழாவே வெளிய வருதான்னு. அந்த ஸ்டார் போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க இங்கிலீஷ் டேட்டா வச்சுதான் ஓட்டிருப்பாங்க, அதனால அந்த நம்பர் நமக்கு இந்த விஷயத்துல ஒண்ணும் சொல்லாது.

புதுசா ஒரு லாராவெல் ப்ராஜெக்ட் போட்டுட்டு பேக்கேஜ் எல்லாம் வந்து உக்காருற வெண்டர் ஃபோல்டரை ஒரு தடவை பொறுமையா தொறந்து பாருங்க. நாம ஃப்ரேம்வொர்க்னு சொல்றதே பல பேரோட பேக்கேஜ் சேந்ததுதான்னு புரியும். சிம்ஃபனின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், நாம தினம் அடிக்கிற ஆர்டிசான் கமாண்ட் ஓடுறது அதுல இருக்குற கன்சோல் காம்பொனென்ட் மேலதான், ரிக்வஸ்ட் ரெஸ்பான்ஸ் எல்லாம் அவங்களோட எச்டிடிபி ஃபவுண்டேஷன் மேல. லாக் எழுதுறது மோனோலாக், தேதிக்கு கார்பன், ஃபைல் சேமிக்க ஃப்ளைசிஸ்டம். டெய்லர் ஆட்வெல் 2011ல லாராவெல்லை எழுதி வெளியிட்டார், 2012ல பிஎச்பி பேக்கேஜை இறக்கிச் சேத்துக் குடுக்குற கம்போஸர் வந்துச்சு, 2013ல லாராவெல் 4 வந்தப்போ மொத்தத்தையும் கம்போஸர் பேக்கேஜா பிரிச்சு எழுதிட்டாங்க. அதனால நாம மேல ஒரு பேக்கேஜ் சேக்குறது தப்பே இல்ல, அது இந்த அமைப்புலயே இருக்குற வழி. எதைச் சேக்குறோம், எங்க சேக்குறோம்ங்கிறதுலதான் விஷயம்.

பிடிஎஃப்பை எடுத்துக்கோங்க. கடைக்கு பில்லிங் ஆப் பண்ணா தமிழ்ல பில் கேப்பாங்க, எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது டாம்பிடிஎஃப்லதான், போடவும் ஈசி, பிளேடு வியூவை, அதாவது லாராவெல்லோட பக்க டெம்ப்ளேட்டை, அப்படியே பிடிஎஃப் ஆக்கிடும், ஷேர்டு ஹோஸ்டிங்லயும் ஓடும். இங்கிலீஷ் பில்லுக்கு ரொம்ப நல்ல லைப்ரரி. ஆனா அதுக்குள்ள எழுத்தைக் கோக்குற வேலை, அதாவது டெக்ஸ்ட் ஷேப்பிங், நம்ம மாதிரி மொழிகளுக்கு கிடையாது. யூனிகோட்ல "பெ"ன்னு எழுதினா உள்ள முதல்ல "ப", அப்புறம் கொம்புன்னுதான் இருக்கும், கொம்பை முன்னாடி கொண்டு வந்து வைக்கிறது ஷேப்பிங் இன்ஜின் வேலை. அது இல்லன்னா "பெயர்"ங்கிறது "பயெர்"னு தெரியும், "சேலம்" போய் "சலேம்" ஆயிடும், "கு", "மு" எல்லாம் ஒட்டாம தனித்தனியா நிக்கும். ஃபான்ட்டை மாத்தி மாத்திப் பாத்து நாளை ஓட்டுறவங்க நிறைய பேர், ஃபான்ட் மேல தப்பே இல்ல.

இதுக்கு எம்பிடிஎஃப் எடுங்க. 6வது வெர்ஷன்லேர்ந்து எழுத்தைக் கோக்குற ஓபன்டைப் லேயவுட் அதுக்குள்ளயே இருக்கு. ஆனா சும்மா போட்டா வேலை செய்யும்னு நம்பாதீங்க, நாமளா சேக்குற தமிழ் ஃபான்ட்டுக்கு ஃபான்ட்டேட்டா செட்டிங்ல யூஸ்ஓடிஎல்ங்கிறதுக்கு 255னு குடுக்கணும், அத விட்டா மறுபடி அதே "பயெர்"தான். இன்னொரு வழி ப்ரௌசர்ஷாட், அது பின்னாடி குரோமை ஓட்டி பிடிஎஃப் எடுக்குது, குரோம்ல எப்படித் தெரியுதோ அப்படியே வரும், டிசைன் அழகா வேணும்னா இதுதான் பெஸ்ட். ஆனா சர்வர்ல நோட் ஜேஎஸ்ஸும் குரோமும் இருக்கணும், மாசம் கொஞ்சக் காசுல ஷேர்டு ஹோஸ்டிங் வாங்கின கடைக்காரருக்கு அது ஒத்து வராது.

இந்த மாதிரி பின்னாடி மாத்த வேண்டி வரலாம்னு தெரிஞ்ச பேக்கேஜை கன்ட்ரோலர் கன்ட்ரோலரா நேரா கூப்பிடாதீங்க. பில் அச்சடிக்க ஒரு இன்டர்ஃபேஸ் (என்ன வேலை செய்யணும்னு மட்டும் சொல்ற கோடு), அதுல ஒரே ஒரு மெத்தட், அதை சர்வீஸ் ப்ரொவைடர்ல எம்பிடிஎஃப் கிளாஸோட பைண்ட் பண்ணிடுங்க, அதாவது இந்த இன்டர்ஃபேஸைக் கேட்டா இந்த கிளாஸைக் குடுன்னு சொல்லி வச்சிடுங்க. நாளைக்கு ப்ரௌசர்ஷாட்டுக்குப் போனா அந்த ஒரு பைண்டிங்கும் புது கிளாஸ் ஒண்ணும்தான், மத்த கோடு எதையும் தொட வேண்டாம். இப்படிக் கேட்டதை எடுத்துக் குடுக்குற லாராவெல்லோட சர்வீஸ் கன்டெய்னரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறதே இதுக்காகத்தான்.

ஃப்ரேம்வொர்க்குக்குள்ளயே கூட இந்தத் தமிழ் விஷயம் ஒரே மாதிரி இல்ல. ஃபார்ம்ல எழுத்து மட்டும்தான் இருக்கான்னு சோதிக்கிற ஆல்ஃபாங்கிற வேலிடேஷன் ரூல் எழுத்தோட சேத்து மார்க் வகை குறியீட்டையும் ஏத்துக்கும், அதனால "கண்ணன்"னு டைப் பண்ணா பாஸ் ஆயிடும், புள்ளியும் காலும் கொம்பும் எல்லாம் யூனிகோட் கணக்குல மார்க்தான். ஆனா தலைப்பை லிங்க்ல வைக்கிற மாதிரி மாத்திக் குடுக்குற ஸ்லக் ஃபங்ஷன்ல எழுத்து, எண், இடைவெளி மட்டும்தான் விடுறாங்க. தமிழை அப்படியே வச்சுக்கலாம்னு மொழிக்கு நல் (null) குடுத்துட்டு "மதுரை மழை"ன்னு போட்டுப் பாருங்க, "மதர-மழ"ன்னு வரும். "கடை", "காடு", "கூடை" மூணுமே "கட" ஆயிடும், டேபிள்ல ஸ்லக் காலத்துக்கு (column) ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாதுன்னு யூனிக் இண்டெக்ஸ் போட்டிருந்தா இரண்டாவது பதிவே எரர் அடிக்கும். மார்க்கையும் சேத்து விடுற மாதிரி சின்னதா சொந்த ஃபங்ஷன் எழுதினா போதும், இதுக்கெல்லாம் பேக்கேஜ் தேடாதீங்க.

எக்ஸெல் எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான். லாராவெல் எக்ஸெல் பேக்கேஜ் உள்ள யூஸ் பண்றது பிஎச்பி ஸ்ப்ரெட்ஷீட், அது ஒரு செல்லுக்கு சுமார் 1 கேபி மெமரி எடுக்கும்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே சொல்றாங்க, லட்சக்கணக்குல செல் இருந்தா என்ன ஆகும்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க. கலர், ஃபார்முலா எதுவும் வேண்டாம், வெறும் லிஸ்ட் போதும்னா பிஎச்பியிலயே இருக்குற சிஎஸ்வி ஃபங்ஷன் போதும், ஃபைலோட ஆரம்பத்துல இது யூனிகோட் ஃபைல்னு காட்டுற 3 பைட் பிஓஎம் (BOM) மட்டும் எழுதிடுங்க, இல்லன்னா எக்ஸெல்ல டபுள்கிளிக் பண்ணித் தொறக்குறப்போ தமிழ் பூரா குப்பையா தெரியும்.

ரோல், பெர்மிஷனுக்கு எல்லாரும் போடுறது பெல்ஜியம் கம்பெனி ஸ்பாட்டியோடது. தரமான பேக்கேஜ், நானும் யூஸ் பண்றேன். ஆனா ஓனர், கேஷியர்னு இரண்டே ரோல்னா அதுக்குன்னு அஞ்சு டேபிள் எதுக்கு, யூசர் டேபிள்ல ஒரு காலமும் (column), அனுமதி இருக்கான்னு பாக்குற லாராவெல்லோட கேட் (Gate) இரண்டும் தாராளமா போதும். போட்டீங்கன்னா அது பெர்மிஷனை 24 மணி நேரம் கேஷ்ல (cache), அதாவது தற்காலிக நினைவுல, வச்சிருக்கும்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, டேபிள்ல நேரா போய் மாத்தினா கேஷ் ரீசெட் கமாண்ட் அடிக்கிற வரைக்கும், இல்லன்னா அந்த 24 மணி நேரம் முடியுற வரைக்கும், பழைய உரிமைதான் நடக்கும்.

லாராவெல் இப்போ வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுது, ஒவ்வொண்ணுக்கும் பக் ஃபிக்ஸ் 18 மாசம், செக்யூரிட்டி ஃபிக்ஸ் 2 வருஷம். அதனால அப்கிரேடு பண்ணாம இருக்க முடியாது, பண்ணும்போது வழியில நிக்கிறது எப்பவும் யாரும் கவனிக்காத ஏதோ ஒரு குட்டி பேக்கேஜாத்தான் இருக்கும். கம்போஸர்ல ஒய்-நாட் (why-not)னு ஒரு கமாண்ட் இருக்கு, போக வேண்டிய வெர்ஷனைக் குடுத்தா யார் யார் தடுக்குறாங்கன்னு பட்டியல் போட்டுத் தரும், அதை அப்கிரேடு அன்னைக்கு பாக்காம முன்கூட்டியே ஓட்டிப் பாருங்க. தடுக்குற பேக்கேஜை எழுதினவர் பல மாசமா ரிலீஸ் விடலன்னா ஃபோர்க், அதாவது அவர் கோடோட காப்பி, எடுத்து வெர்ஷன் வரியை மட்டும் திருத்தி, டெஸ்ட் ஓட்டிட்டு, கம்போஸர் ஜேசன்ல ரெபாசிட்டரீஸ் பகுதியில உங்க ஃபோர்க்கைச் சேத்துக்கலாம், கையோட அதே திருத்தத்தை அவருக்கு புல் ரிக்வஸ்டாவும் அனுப்பிடுங்க, அவர் ரிலீஸ் விட்டதும் உங்க ஃபோர்க் வரியை எடுத்துடலாம்.