முதுகில் பை சுமந்த எலிகள்

ஆறு வருடம் எலிகளின் மண்டை ஓட்டில் துளை போட்டுப் பிழைத்தேன். அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருடமாக நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து வயல்களில் எலிகளைக் கொல்ல வழி சொல்லிப் பிழைக்கிறேன். இரண்டுமே மாதச் சம்பளம்தான். இரண்டாவது வேலை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "லேப்ல இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். போன மார்கழியில், தாளடி பொதி கட்டியிருந்த சமயம், வயலில் கிட்டி என்ற மூங்கில் பொறி வைத்து எலி பிடிக்கும் ஒரு கிட்டிக்காரரிடம்தான் முழுதாகச் சொன்னேன்.

விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடியபோது, வெளி மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக எடுத்தார்கள். எலியின் மூளையில் மின்கம்பி வைத்து, அதைத் தூரத்திலிருந்தே ஓட்டிப் பார்க்கும் ஆய்வு. முதல் ஆறு மாதம் கூண்டு கழுவுவதும் உமி மாற்றுவதும்தான். எலிக்கூண்டில் உமிதான் பரப்புவார்கள். மூட்டையைப் பிரித்ததும் வரும் அந்த வாசனையில் எங்கள் ஊர் ரைஸ்மில் வாசலில் நிற்பதுபோல இருக்கும். அப்புறம் அறுவைமேசைக்கு மாற்றினார்கள்.

மயக்க ஊசி போட்ட எலியின் தலையை ஒரு உலோகச் சட்டத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். தோலைக் கீறினால் மண்டை ஓட்டின் தையல்கள் சந்திக்கும் புள்ளி தெரியும், பிரெக்மா என்பார்கள். அங்கிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து துளை போட்டு, தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பிகளை இறக்கி, சின்னத் திருகாணிகள் வைத்து, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிமெண்ட்டால் மூடுவோம். மறுநாள் எலி எழுந்து நடக்கும்போது தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி இருக்கும். 31ஆம் எண் எலிக்கு அது தலைப்பாகை மாதிரி அமைந்துவிட்டதால் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டோம்.

கம்பிகள் மொத்தம் மூன்று இடங்களுக்குப் போகும். ஒன்று இடப்பக்க மீசையின் தொடுவுணர்வைப் பெறும் மூளைப்பகுதிக்கு, இன்னொன்று வலப்பக்க மீசைக்கு. இடது கம்பியில் மின்துடிப்பு கொடுத்தால், இடது மீசையை எதுவோ தொட்டதுபோல எலிக்குத் தோன்றும். அது இடப்பக்கம் திரும்பினால் உடனே மூன்றாவது கம்பியில் ஒரு துடிப்பு. அதுதான் கூலி.

இந்த மூன்றாவது கம்பியின் கதை பழையது. 1954இல் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும், எலியின் மூளையில் குறிப்பிட்ட சில இடங்களைத் தூண்டினால் அது அந்தத் தூண்டுதலுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டார்கள். நெம்புகோலைத் தானே அழுத்திக்கொள்ள விட்டால் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தும். பசிக்குச் சோறு போட்டால் ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்தும். இதில் அந்தப் 'போதும்' வருவதே இல்லை.

மூன்றையும் சேர்த்து எலியை ஓட்டிக் காட்டியது 2002இல். சஞ்சீவ் தல்வார், ஜான் சேப்பின் குழுவினர், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் மருத்துவ மையத்தில் ஐந்து எலிகளின் முதுகில் சின்னப் பையை மாட்டி, 500 மீட்டர் தூரம் வரை மடிக்கணினியிலிருந்தே திருப்பினார்கள். ஏணி ஏறின, மரம் ஏறின, கான்கிரீட் இடிபாட்டுக்குள் நுழைந்தன. நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா. எங்கள் ஆய்வுக்கூடம் செய்ததெல்லாம் அந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதிய காப்பிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான். எப்போதும் முதல் பத்தியில் நிலநடுக்கம் வரும். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களைத் தேடலாம் என்று எழுதுவோம். மூன்றாவது பக்கத்தில்தான் 'கண்காணிப்பு' என்ற சொல் எட்டிப் பார்க்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்வையிட வந்தவர்கள் யாரும் நிலநடுக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேமரா எத்தனை கிராம், எவ்வளவு நேரம் தாங்கும், சுவருக்கு அந்தப்பக்கம் சிக்னல் கிடைக்குமா, இவ்வளவுதான்.

அப்படி வந்தவர்கள் முன்னால்தான் ஒருநாள் மாப்பிள்ளை மானத்தை வாங்கியது. ஒரு குழாய்க்குள் நுழைந்து அந்தப்பக்கம் வர வேண்டும். குழாயின் வாயில் வேறொரு எலி மூத்திரம் விட்டிருக்கிறது போல. மோந்தது, மோந்துகொண்டே நின்றது. இடது துடிப்பு கொடுத்தால் தலையை இடது பக்கம் திருப்பும், திரும்ப மோக்க வந்துவிடும். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகம் துடைக்க ஆரம்பித்தது. விருந்தினர்களின் டீ ஆறிப்போனது. ஒருவழியாக உள்ளே போனபோது கேமராவில் வந்தது எல்லாம் குழாயின் தரையும் ஒரு மீசையும்தான்.

நடைமுறை என்று கேட்டால் என் அனுபவத்தில் இதெல்லாம்தான். சில வாரத்தில் சிமெண்ட் தொப்பி ஆட்டம் காணும், ஓரத்தில் சீழ் பிடிக்கும். ஒரு எலியைப் பழக்கி முடிப்பதற்குள் அதன் ஆயுளில் கணிசமான பங்கு போய்விடும். ஆய்வுக்கூட எலி இரண்டு, மூன்று வருடம் இருந்தாலே அதிகம். ஓட்டுகிறவர் எலியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரி முகாமுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எலியைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிற ஆளுக்கு எலி எதற்கு?

அமெரிக்க உளவுத்துறை 1960களில் ஒரு பூனையின் உடம்புக்குள் ஒலிவாங்கியையும் வானொலிக் கருவியையும் வைத்துத் தைத்தது. பூனை அதன் போக்கில் போனது. 1967 தேதியிட்ட குறிப்பு ஒன்றில், நம் தேவைக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்தத் தாள் 2001இல் வெளியே வந்தது. பூனை டாக்சியில் அடிபட்டது என்று ஒரு முன்னாள் அதிகாரி சொன்னார், அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொருவர் மறுத்தார். அதற்குப் பிறகும் இந்த ஆசை யாரையும் விடவில்லை. வண்டுக்கு மின்கம்பி, புறாவுக்கு மின்கம்பி, சுறாவுக்கும்கூட. நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டை ஒட்டி, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று எலிகளை இப்படிப் பழக்குவதாகச் செய்தி வந்தது. அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என்னை அந்த வேலையிலிருந்து கிளப்பியது மேலே சொன்ன சிக்கல்கள் எதுவும் இல்லை. எலியை நன்றாக ஓட்ட முடிந்த ஒருநாள்தான்.

எலிக்கு வெட்டவெளியும் பளீர் வெளிச்சமும் ஆகாது. சுவரை ஒட்டியே ஓடும். அன்றைக்கு அறையின் நடுவில் பெரிய விளக்குகளைப் போட்டு, திறந்த தரையில் குறுக்காக நடத்த வேண்டும். பொத்தான் என் கையில். மாப்பிள்ளை நடந்தது. வயிறு தரையில் உரச, காதைப் பின்னுக்கு மடக்கி, வழியெல்லாம் புழுக்கை போட்டுக்கொண்டே நடந்தது. பயந்த எலி எப்படி இருக்கும் என்று கூண்டு கழுவிய எனக்குத் தெரியும். உடம்பு முழுக்கப் பயம், கால் மட்டும் முன்னால் போகிறது. ஒவ்வோர் அடிக்கும் நான் இன்பம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய நம் நாட்டில் கேள்விமுறை உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு மத்தியக் குழு, அதன்கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு. எத்தனை விலங்கு, என்ன மயக்கமருந்து, வலி எவ்வளவு, கடைசியில் எப்படி முடிப்பீர்கள் என்று படிவத்தில் கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான். அவை இல்லாத காலத்தில் நடந்ததெல்லாம் கொடுமை. வலி என்ற இடத்தில் 'அறுவைக்குப் பின் இல்லை' என்று எழுதினோம், அதுவும் உண்மை. கூண்டைத் திறந்தால் அந்த எலிகள் எங்களிடம் ஓடி வரும். பயப்படுகிற ஒன்றை அதன் சுகத்தைக் கொண்டே பயத்துக்குள் தள்ளுவதை எழுத, நான் நிரப்பிய படிவங்களில் இடம் இருந்ததில்லை.

உளவு வேலைக்கு வேண்டியதும் துல்லியமாக அதுதான் என்பதுதான் விஷயம். தானாகப் போகாத இடத்துக்குப் போகத்தானே உளவு எலி? தானாகப் போகிற இடத்துக்குக் கம்பி தேவையில்லை.

ராணுவத்துக்கோ வெடிமருந்துக்கோ விலங்கே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தான்சானியாவில் ஆப்போப்போ என்ற அமைப்பு, கன்னத்தில் பை உள்ள பெரிய ஆப்பிரிக்க எலிகளுக்குக் கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கப் பழக்குகிறது. அங்கிருந்து கம்போடியா போன மகாவா என்ற எலி 2020இல் தங்கப் பதக்கம் வாங்கியது, ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது. வெடியை வெடிக்க வைக்கிற அளவு எடை அதற்குக் கிடையாது. சரியாகக் காட்டினால் ஒரு 'டிக்' சத்தம், கொஞ்சம் வாழைப்பழம். அதற்குப் பிடிக்கவில்லை என்றால் நின்றுவிடும். நின்றால் பழக்குகிறவர்தான் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் எலி நின்றால் நாங்கள் மின்னோட்டத்தைக் கூட்டினோம்.

சரி, இவ்வளவு பேசுகிறவன் இப்போது என்ன செய்கிறான்? உழவர் குழுவின் களப்பணியாளன். சிங்க் பாஸ்பைடு கலக்கும்போது 96 பங்கு அரிசிக்கு 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்று கணக்குச் சொல்கிறேன். புதிய தீனியை எலி நம்பாது. அதனால் முதல் இரண்டு நாள் மருந்து கலக்காத அரிசியை வைத்து நம்பவைத்து, மூன்றாம் நாள் மருந்து வைக்கச் சொல்கிறேன். ஆசை காட்டி ஏமாற்றுகிற தொழில்தான் இதுவும். எண்ணிக்கை என்று பார்த்தால் ஆய்வுக்கூடத்தில் சாகடித்ததைவிட இங்கே நூறு மடங்கு இருக்கும். பொதிப் பருவத்தில் ஒரு ராத்திரியில் எலி வெட்டிப்போட்ட மாக்கணக்கான பயிரைப் பார்த்த குத்தகைக்காரரின் முகம் எனக்குத் தெரியும், அதனால் தூக்கம் கெடுவதில்லை. ஆய்வுக்கூடத்து நாட்களை நினைத்தால்தான் கெடுகிறது. இதை நியாயப்படி விளக்க எனக்கு வரவில்லை.

கிட்டிக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். தஞ்சாவூர்க் கிட்டி தெரிந்திருக்கும்: மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, தீனியை வைத்து, சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு வருவார்கள். எலி தீனியை இழுத்தால் வில் விடுபட்டு நெரித்துவிடும். விடியற்காலையில் போய் எலிகளை எண்ணிக் கூலி. இவர் மூன்றாம் தலைமுறை. எந்த வளையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று வாயில் கிடக்கும் ஈரமண்ணைப் பார்த்தே சொல்வார்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் விரிந்தது.

"தம்பி, அப்படி ஒரு எலி கெடைக்குமா? வளைக்குள்ள விட்டு மத்ததை எல்லாம் வெளிய ஓட்டியாரலாமே?"

கேட்ட எல்லோருக்கும் உடனே ஒரு உபயோகம் தோன்றிவிடுகிறது. ராணுவத்தை மட்டும் குறை சொல்லி என்ன?

"அது பயந்துகிட்டே போகும்ணே. ஆனாலும் போகும்" என்றேன்.

கொஞ்ச நேரம் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட வர்ற எலி சோத்துக்கு வருது. அதுக்கு சோறு வேணும், எனக்கு எலி வேணும்" என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விலங்கை உளவாளி ஆக்கினால் மற்ற விலங்குகள் எல்லாம் சந்தேகக் கேஸ் ஆகிவிடும். மும்பைத் துறைமுகம் பக்கம் 2023இல் பிடிபட்ட ஒரு புறாவின் காலில் வளையமும் சிறகில் சீன எழுத்துபோல ஏதோவும் இருந்ததால், அது எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்தது. கடைசியில் அது தைவானின் பந்தயப் புறா என்று தெரிந்து, 2024 ஜனவரியில் விட்டார்கள். நம் டெல்டாவின் கடைக்கோடியில் கோடியக்கரை இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறார்கள். எதிரில் இலங்கை, நடுவில் கடற்படை ரோந்து. வேதாரண்யத்தில் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, காலில் வளையத்தோடு செத்துக் கிடந்த உள்ளான் ஒன்றைப் பையன்கள் கொண்டுவந்தார்கள். "உளவு பாக்க வந்ததா மாமா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கிருந்து பறந்து வந்தது என்று அப்புறம்தான் கேட்டார்கள்.

இந்த வருடம் எங்கள் பக்கத்து வயல்களுக்கு மருந்தடிக்க டிரோன் வந்தது. அது முகம் துடைக்க உட்காரவில்லை. கிட்டிக்காரரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பழைய பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அந்த மிலிட்டரி எலி இந்தப் பக்கம் வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க தம்பி. ராத்திரி வச்ச கிட்டிக்கு ஆள் அடையாளம் தெரியாது."

"வராதுண்ணே."

"வந்தா?"

அன்றைக்கு மட்டும் நாற்பது கிட்டி வைத்திருந்தார். ஆளுக்கொரு பக்கமாக எடுத்து வரக் கிளம்பினோம்.