பங்குனி மலையில் தடம் மாறினால்

மாசி பாதி தாண்டியதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே புரசு மட்டும் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து மலையேறக் கிளம்புவதும் அப்போதுதான். காலையில் கொஞ்சம் குளிர் மிச்சமிருக்கும், மழைப் பயம் குறைவு, தூரத்துக் கரடுகூடத் துல்லியமாகத் தெரியும்.

தடம் மாறிப்போவதற்கும் இதுதான் காலம். மழை மாதங்களில் புல்லும் புதரும் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்று பாதையைக் காட்டிக்கொடுக்கும். பங்குனியில் அந்தச் சுவர் காய்ந்து விழுந்துவிடுகிறது. சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்து ஒத்தையடித் தடத்தை மூடிவிடுகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நடக்கலாம் போலவே இருக்கும். பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் காலடியில் தடமே இல்லை என்பது உறைக்கும்.

முதலில், எங்கே போகலாம் என்பதைப் பேசிவிடுவோம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014ல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022ல் வந்த காவிரி தெற்குச் சரணாலயமும் அங்கேதான் இருக்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். குத்திராயன் சிகரம், அய்யூர் - சாமி ஏரி போன்ற பாதைகளுக்கு வனத்துறையிடம் பணம் கட்டிப் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். தீக்காலத்தில் அவற்றையும் மூடிவிடுவார்கள்; 2025ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலைகளும் அரூர் பக்கத்துத் தீர்த்தமலையும் ஊரை ஒட்டியவை, மக்கள் தினமும் ஏறி இறங்குபவை. ஆனால் படியை விட்டு, கோயில் பாதையை விட்டு, "அந்தப் பக்கம் குறுக்கே இறங்கினா சீக்கிரம் போயிடலாம்" என்று ஒருவர் சொன்னதும் அங்கேயும் தடம் தொலையும்.

மனிதத் தடத்தையும் ஆட்டுத் தடத்தையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிச் சிக்கல் வராது. நடக்கும்போது தரையை மட்டும் பார்க்காமல் இடுப்புக்கு மேலே பாருங்கள். ஆடு போகும் வழி முழங்கால் உயரம் வரை சுத்தமாக இருக்கும். அதற்கு மேலே உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் பின்னிக் கிடக்கும். மனிதர் நடக்கும் தடம் தலை உயரம் வரை திறந்திருக்கும். கிளைகளில் கொடுவாள் பட்ட வெட்டு தெரியும், பழைய வெட்டு கறுத்தும் புதுசு வெளுத்தும். கீழே பீடித்துண்டு, பாக்குக் கவர், அறுந்த செருப்பு வார் என்று ஏதாவது கிடக்கும். முகத்தில் கிளை அடிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஆட்டின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆட்டுத் தடம் எந்த ஊருக்கும் போகாது. பிரியும், சேரும், தழை தீர்ந்த இடத்தில் நின்றுவிடும்.

பாறைமேல் வேறு கணக்கு. நம் மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் கறுத்துப் பாசி காய்ந்து கிடப்பவை. ஆட்கள் தொடர்ந்து நடந்த இடத்தில் அந்தக் கறுப்பு தேய்ந்து, ஒரு முழ அகலத்துக்கு வெளிர்நிறப் பட்டை ஓடும். நேராகக் குனிந்து பார்த்தால் தெரியாது. பத்தடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, வெயில் வரும் திசையைப் பார்த்தால் தெரியும். பட்டை முடிந்துவிட்டால் பாதை பாறையை விட்டு மண்ணுக்கு இறங்கிவிட்டது. பாறையின் ஓரத்தைச் சுற்றி வந்து இறங்கிய இடத்தைத் தேடுங்கள், குருட்டுவாக்கில் நடுப்பாறையில் ஏறிக்கொண்டே போகாதீர்கள்.

மாட்டுத் தடம் நல்ல தடம். அது தண்ணிக்கோ பட்டிக்கோ போகும். குளம்பின் கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மாடு போயிருக்கிறது. சாயங்காலம் பதிந்த குளம்படி ஊரை நோக்கியிருக்கும். ஏமாற்றுவது யானைத் தடம். அகலமாக, சுத்தமாக, ஏற்றமே தெரியாமல் வளைந்து வளைந்து போகும். முள்ளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர்களுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்த மாதிரி இருக்கும். நம் தலைக்கு மேலே மரப்பட்டையில் சேறு உரசியிருக்கிறதா, மூங்கில் முறிந்து கிடக்கிறதா, யானைச் சாணம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கோடையில் அந்தத் தடங்கள் மிச்சமிருக்கும் தண்ணீருக்குத்தான் போகின்றன.

தடம் தொலைந்தது உறைத்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அங்கேயே நின்று, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புவது. இதைச் செய்யவிடாமல் தடுப்பது காடு அல்ல, கூட்டம்தான். தொலைத்துவிட்டோம் என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வராது. "இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கலாம் மச்சான், அந்தத் திட்டு தாண்டினா தெரிஞ்சிடும்" என்பார் ஒருவர். அந்தத் திட்டைத் தாண்டினால் இன்னொரு திட்டு இருக்கும். ஆகவே கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும், வாதம் கிடையாது. நின்றதும் உட்காருங்கள், இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், மணி பாருங்கள். நிற்கும் இடத்தில் கல்லை அடுக்கியோ கிளையில் துணியைக் கட்டியோ அடையாளம் வையுங்கள். ஒருவர் அங்கேயே இருக்க, இரண்டு பேர் சேர்ந்து, குரல் கேட்கும் தூரத்துக்குள் வந்த வழியைத் தேடட்டும். இருநூறு தப்படிக்குள் கிடைக்காவிட்டால் அடையாளத்துக்கே திரும்பி அடுத்த பக்கம் பாருங்கள். ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தால் ஒரு கூட்டம் தொலைந்ததற்குப் பதில் நாலு பேர் தனித்தனியாகத் தொலைந்திருப்பார்கள்.

ஏறும்போது அரை மணிக்கொரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வது இங்கே உதவும். மேலேறும்போது பார்த்த குண்டுக்கல் இறங்கும்போது வேறு கல்லாகத் தெரியும். திரும்பி நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

கீழே ஊர் தெரிகிறது, நேராக இறங்கிவிடலாம் என்ற ஆசைதான் ஆபத்தில் கொண்டுபோய் விடும். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைகள் கவிழ்த்த சட்டி மாதிரியானவை. மேலே சரிவு மெதுவாக இருக்கும், கீழே போகப்போகச் செங்குத்தாகும். மேலிருந்து பார்த்தால் சரிவின் அடி தெரியவே தெரியாது. பாறை முடியும் கோடும், அதற்கப்பால் வயலும்தான் தெரியும். நடுவில் எத்தனை அடி பள்ளம் என்பது அந்தக் கோட்டில் நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் திரும்பி ஏறவும் முடியாத சரிவில் இருப்பீர்கள். பாறையில் இறங்கும்போது அடுத்த பத்தடி கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் இறங்கக் கூடாது. பாறைமேல் கிடக்கும் பொடிக்கல் காலடியில் கேழ்வரகைக் கொட்டியது போல உருளும். தட்டினால் டொக்கென்று பொள்ளல் சத்தம் வரும் பாறை, உரிந்து நிற்கும் பத்தை. அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். கோடை மழை நாலு துளி விழுந்தாலே காய்ந்த பாசி உயிர்பெற்று எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டால் மொட்டைப்பாறையை விட்டு உடனே இறங்க வேண்டும். தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

ஓடைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வரும் என்பதும் இந்த மலைகளுக்குச் சரிப்படாத யோசனை. பங்குனியில் பள்ளம் வறண்டு கிடக்கும். வீடளவு குண்டுக்கற்கள், நடுநடுவே அருவி விழும் செங்குத்துப் படிகள், கரையில் நெருங்கிய முள். மிச்சமிருக்கும் குட்டையில் யானையும் கரடியும் இறங்கும். அஞ்செட்டிக்குத் தெற்கே பள்ளங்கள் காவிரியை நோக்கி, ஊரில்லாத காட்டுக்குள்தான் போகின்றன. மேட்டுக்கு ஏறுங்கள். மேட்டில் காற்று வரும், கண்ணுக்குத் தடம் படும், செல்போன் சிக்னலும் கிடைக்கும்.

நிழலை வைத்துத் திசை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ச் கடைசியில் இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் சுமார் 12.25. ஏப்ரல் 22 - 24 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். காலை பத்துக்கு முன்னும் மாலை மூன்றுக்குப் பின்னும் மட்டுமே நிழலை நம்புங்கள். சூரியன் ஆறரைக்கு மறையும். அதற்குப் பிறகு வெளிச்சம் இருபது நிமிஷம்தான். ஆறு மணிக்குக் காலையில் ஏறத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பவர்கள் முள்ளுக்குள் ஒன்றுகூட நடக்க மாட்டார்கள். வைத்திருக்கும் தண்ணீர்க் கணக்கும் அதோடு தப்பும்.

வெயிலில் ஏறும்போது ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் தேவைப்படும். நாலு மணி நேரப் பயணத்துக்கு மூன்று லிட்டர், கூடவே தொடாமல் வைக்க ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் தடம் தொலைந்தால் மட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானது என்று போட்டிருந்தால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாட்டிலில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். கூட்டத்தில் யாருக்காவது வியர்வை நின்றாலோ பேச்சு குழறினாலோ நடையை நிறுத்திவிடுங்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். இந்த நேரத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மலைத்தேனீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பாறை மலைகளில் யானையைவிட அதுதான் அருகில் இருக்கிறது. செங்குத்துப் பாறையின் அடியில் கறுப்பாக, அரைவட்டமாகத் தொங்குவது தேனடை. அதன் பக்கமாகத் தடம் தேடாதீர்கள். சென்ட், புகை, கல்லெறிதல், கூச்சல் எதுவும் கூடாது. கிளம்பிவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவது ஒன்றே வழி. கையை வீசி அடித்தால் இன்னும் வரும். தப்பிய பிறகு கொடுக்கை நகத்தால் சட்டென்று சுரண்டி எடுங்கள். முகம் வீங்கி மூச்சு திணறினால் காத்திருக்கவே கூடாது. இலுப்பைப் பூ உதிரும் காலம் என்பதால் அந்த மரத்தடிக்குக் கரடி வரும். விடியலிலும் அந்தியிலும் பேசிக்கொண்டே நடங்கள், திடுக்கிடாமல் அதுவே விலகும். பாறையில் கை வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள். சுருட்டை விரியன் கல்லிடுக்கில்தான் கிடக்கும். கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தீ மூண்டால் எந்தப் பக்கம் போவது என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைச் சூழ்ந்தது இதே பருவத்துத் தீ. நெருப்பு மேட்டில் ஏறும் வேகம் நம் காலுக்கு வராது. அதனால் மேல்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, சருகில்லாத அகலப் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கறுத்த இடத்துக்கோ போங்கள். காய்ந்த புல் நிற்கும் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். சமைக்கவோ குளிர் காயவோ பங்குனியில் நெருப்பு மூட்டவே வேண்டாம்.

போனில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்து, நடக்கத் தொடங்கும்போதே பாதையைப் பதிவுசெய்ய விடுங்கள். விமான நிலையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரி நிற்கும். ஒரே நேரத்தில் எல்லோர் போனும் எரிய வேண்டாம். ஒன்று அணைந்தே இருக்கட்டும். உதவி கேட்க 112. பேச முடியாத இடத்திலும் சில சமயம் குறுஞ்செய்தி போய்விடும். இடத்தை எண்ணாக அனுப்பும்போது முதல் எண் 11 அல்லது 12ல் தொடங்கும், இரண்டாவது 77 அல்லது 78ல். வேறு ஏதாவது வந்தால் எங்கோ தப்பு. அஞ்செட்டி, தளி எல்லையில் போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்திருக்கலாம், ஆகவே மாநிலம், மாவட்டம், பக்கத்து ஊர் மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆடு மேய்ப்பவரைப் பார்த்துவிட்டால் நல்ல காலம். "அண்ணா, இந்தத் தடம் ஊருக்குப் போகுமா?" என்று கேட்காதீர்கள். போகும் என்றுதான் சொல்வார், அவர் கணக்கில் சுற்றி வளைத்து எல்லாத் தடமும் ஊருக்குப் போகும். "அண்ணா, நீங்க சாயங்காலம் எந்த வழியா இறங்குவீங்க?" என்று கேளுங்கள், கையைக் காட்டி, எங்கே புளியமரம், எங்கே பாறை என்று அடையாளத்தோடு சொல்வார். "பக்கம்தான்" என்பது அவர் கால் கணக்கு. நமக்கு ஒரு மணி நேரம்.

இருட்டிவிட்டால் நடக்காதீர்கள். தண்ணீருக்கும் விலங்குத் தடத்துக்கும் தள்ளி, தேனடை இல்லாத பாறை மறைவில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பகலில் சுட்ட பாறை பாதி ராத்திரி வரை சூடு தரும், அதற்குப் பிறகு குளிரும், ஒரு லுங்கியோ போர்வையோ பையில் இருந்தால் போதும். விசிலை மூன்று மூன்றாக ஊதி, ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டு மறுபடி ஊதுங்கள். விடிந்து, வழி கிடைத்து, கீழே வந்து சேர்ந்ததும் டீக்கடையில் உட்காருவதற்கு முன்னால், யாரிடம் போகிற இடத்தைச் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவர்களுக்குப் போன் போடுங்கள். அங்கே யாராவது டார்ச்சோடு உங்களைத் தேடி மலையேறக் கிளம்பியிருப்பார்கள்.