முன்படை வந்தது, பின்னால் யாரும் வரவில்லை

மெக்சிகோ வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தால் நான் எப்போதும் 1829-லேயே நின்றுவிடுகிறேன். நாடு கைவிட்டுப் போய் எட்டு வருஷம் ஆகியும் ஸ்பெயின் அரசர் ஏழாம் ஃபெர்னாண்டோவுக்கு அதை ஒப்புக்கொள்ள மனசில்லை. தூபம் போட்டவர்கள் மெக்சிகோவிலிருந்து துரத்தப்பட்ட ஸ்பானியர்கள். அங்கே ஒரே குழப்பம், மக்கள் பழைய ஆட்சிக்காகத்தான் ஏங்குகிறார்கள், கொடியைக் காட்டினால் போதும் என்றார்கள். சொத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவன் வேறென்ன சொல்வான்?

அதை நம்பி ஜூலை 5 அன்று பர்ராதாஸ் என்ற தளபதி ஸ்பெயின் வசம் இருந்த கியூபாவின் ஹவானாவிலிருந்து 3,000 சொச்சம் பேரோடு கிளம்பினார். படைக்கு வைத்த பெயரே 'முன்படை'. மீதிப் படை மெக்சிகோவிலேயே சேர்ந்துவிடுமாம்! வழியில் புயலில் சிக்கிய ஒரு கப்பல் நியூ ஓர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் ஜூலை 27-ல் மெக்சிகோவின் கிழக்குக் கரையில் காபோ ரோஹோவில் இறங்கி, மணலில் நடந்து தாம்பிகோ என்ற துறைமுக ஊரைப் பிடித்தார்கள். சேரத்தான் ஆள் வரவில்லை. கடற்படைத் தலைவர் லபோர்தேவுக்கும் பர்ராதாஸுக்கும் ஆகாது, கப்பல்கள் ஹவானாவுக்கே திரும்பிவிட்டன.

அப்புறம் காய்ச்சல். அந்தக் கரையில் மழைக்காலம் என்றால் மஞ்சள் காய்ச்சல்தான். ஊர்க்காரர்கள் அதைக் 'கறுப்பு வாந்தி' என்பார்கள், வயிற்றுக்குள் கசியும் ரத்தம் காபித்தூள் கலந்த மாதிரி கறுப்பாக வெளியே வரும். சின்ன வயதில் வந்து பிழைத்தவர்களுக்கு மறுபடி வராது. புதிதாக வந்த சிப்பாய்தான் கொத்துக்கொத்தாகச் செத்தான். கொசுதான் காரணம் என்பது அன்றைக்கு ஒரு டாக்டருக்கும் தெரியாது.

செப்டம்பரில் பெரும்புயல் வேறு. அது ஓய்ந்த கையோடு மெக்சிகோ தளபதி சாண்டா அன்னாவின் ஆட்கள் ஆற்று முகத்துவாரத்தில் ஸ்பானியர் கையில் இருந்த சின்னக் கோட்டையைச் சேற்றில் இறங்கித் தாக்கினார்கள். நிறையப் பேரைப் பலி கொடுத்தும் பிடிக்க முடியவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் தெம்பு இல்லை, செப்டம்பர் 11 அன்று பர்ராதாஸ் சரணடைந்தார். ஆயுதங்களை வைத்துவிட்டு, மெக்சிகோவுக்கு எதிராக இனிமேல் சண்டை போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஹவானா போனார்கள். வெற்றியில் பெரும்பங்கு கொசுவுடையது, பேர் மட்டும் 'தாம்பிகோ நாயகன்' சாண்டா அன்னாவுக்கு. அதை வைத்து அவர் பிறகு போட்ட ஆட்டம் தனிக்கதை.

எனக்குப் பிடித்தது இதன் ஓரத்தில் நடந்த ஒன்று. படையெடுப்பைச் சமாளிக்க அதிபர் கெர்ரெரோவுக்கு நாடாளுமன்றம் சிறப்பு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தை வைத்து செப்டம்பர் 15 அன்று அவர் அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டார்.