ஆம்ஃபிதியேட்டரின் இரண்டு முனையையும் வெட்டிவிட்டார்கள்: டர்பனில் நீளப் படம் அச்சிட்ட கதை

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரில் உள்ள ஆம்ஃபிதியேட்டரை ஒரே படத்தில் அடக்க முடியாது என்பது ராயல் நேட்டல் பூங்காவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிற பாறைச் சுவர் அது. வரிசையாகப் படங்கள் எடுத்து, ஹுகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினேன். 16,000க்கு 4,000 பிக்சலில் அழகாக வந்தது. இடது முனையில் ஈஸ்டர்ன் பட்ரஸ் சிகரம், வலது முனையில் சென்டினல் சிகரம். அந்த இரண்டும் இல்லாவிட்டால் மலை ஏதோ ஒரு மலைதான்.

டர்பனில் நான் முதலில் போன மால் கடை, சரியாக அந்த இரண்டையும்தான் வெட்டியது.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான் கவுன்ட்டரில் இருந்த பையன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் பொடியாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். நான் பென் டிரைவை நீட்டினேன். "பனோரமா சைஸ் இருக்கு ஆன்ட்டி, 12க்கு 36 அங்குலம்" என்றான். என் படம் 4க்கு 1, அவர்கள் தாள் 3க்கு 1, மேலும் கீழும் வெள்ளை விட்டுத்தான் போடணும் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே ரசீது எழுதினான்.

போய் வாங்கினால், தாள் முழுக்கப் படம். வெள்ளையே இல்லை. கால் பங்கு போயிருந்தது, பக்கத்துக்கு அரைக்கால். கரை இரண்டையும் கத்தரித்துவிட்டு இதுதான் வேட்டி என்று கொடுத்த மாதிரி.

"சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் ஆன்ட்டி. வெள்ளை வந்தா கஸ்டமருங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

"இந்தக் கஸ்டமர் வெள்ளைதானேப்பா கேட்டேன்?"

மேனேஜர் வந்தார். காசைத் திருப்ப முடியாதாம், மறுபடி போட்டால் பாதி விலைக்குத் தருவாராம். அவர்கள் கெடுத்ததற்கு நான் பாதி கட்ட வேண்டுமாம். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. அந்தப் பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்படிப் புகைப்படக் கடையின் லேப் மெஷினில் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளை விடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். அந்த வெள்ளையை வீட்டிலேயே படத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். படம் திருத்தும் மென்பொருளில் கேன்வாஸ் அளவை, அதாவது வெள்ளையும் சேர்ந்த மொத்த அளவை, சரியாக 3க்கு 1 ஆக்கி, நடுவில் படத்தை வைத்துச் சேமித்தால் சிஸ்டம் இப்படிக் கால் பங்கை வெட்டாது. 12 அங்குல ரோல் போடுகிற எல்லா மெஷினும் 36 அங்குலம் வரை போவதில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 18 அங்குலத்தோடு நின்றுவிடுகிறவையும் உண்டு.

ஆன்லைனிலும் பார்த்தேன். நம் அளவு பட்டியலில் இல்லையென்றால் அடுத்த பெரிய அளவின் விலை, அதன்மேல் குழாயில் சுருட்டி அனுப்புகிற கூரியர் செலவு. பக்கத்தை மூடிவிட்டேன்.

வழி சொன்னது என் நாத்தனார். அவள் கணவர் கட்டட வேலை செய்கிறவர். வீட்டு பிளான் அச்சிடும் கடையில் போய்க் கேள் என்றாள். உண்மையில் இது புகைப்படக் கடைக்காரர்கள் சொல்லாத விஷயம். பிளான் கடையில் "பனோரமா" என்று ஒரு சரக்கே கிடையாது. ரோல் அகலம் இவ்வளவு, மீட்டருக்கு இவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு. 61 சென்டிமீட்டர் ரோலில் என் படம் ஒன்றை மட்டும் போட்டால் பாதித் தாள் வீண். அதனால் ஒரே ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வைத்தேன், ஒவ்வொன்றும் 116க்கு 29 சென்டிமீட்டர். நடுவில் வெட்டுவதற்கு ஒரு சிறு இடைவெளி. இரண்டாவது நாத்தனாருக்கு, பாதிக் காசு அவளுடையது. சின்னதாகப் போதும் என்றால் ஏ1 தாள் ஒன்றில் 76க்கு 19 அளவில் மூன்று அடங்கும்.

இந்த அளவுக்கு என் ஃபைலில் அங்குலத்துக்கு 350 பிக்சல் வந்தது. அவ்வளவு கூடத் தேவையில்லை. சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 இருந்தாலே ஒரு குறையும் தெரியாது. கலரை மட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமித்துக்கொண்டு போங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பில் போனால் பல கடைகளில் புல்வெளி செத்துப்போய் வருகிறது.

பிளான் கடையிலும் எல்லாம் சுகமாக முடியவில்லை. கவுன்ட்டரில் இருந்தவள் பிளானுக்குப் போடும் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள மெல்லிய தாளிலேயே ஓட்டப் பார்த்தாள். நல்லவேளை, உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து நிறுத்தினார். "அந்தத் தாள் இவ்வளவு மை தாங்காதும்மா, அலை அலையா எழும்பிடும்." "அண்ணா, போட்டோ தாள் இருக்கா?" என்றேன். 200 கிராமுக்கு மேல் இருந்த சாட்டின் என்ற லேசான பளபளப்புள்ள தாளை எடுத்துக் காட்டினார். அதற்கு விலை கூடத்தான், ஆனால் மால் கடை கேட்டதோடு பார்த்தால் ஒன்றுமில்லை. முதலில் ஏ4 அளவில், படத்தின் ஒரு துண்டை மட்டும் அதே மெஷினில் அதே தாளில் போடச் சொன்னேன். பாறையின் நிழல்கள் கரியாக வந்தன. திரையில் பார்ப்பதைவிட அச்சு இருண்டுதான் வரும். வீட்டுக்கு வந்து நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிட்டு மறுபடி கொண்டுபோனேன்.

இப்போது என் சின்ன வெற்றி. இரண்டு படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில், சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வைத்திருந்தேன். அச்சு வந்ததும் பையிலிருந்த ஸ்கேலை வைத்தேன். கோடு குறைந்திருந்தது. யாரோ தாளுக்குள் அடக்கு என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், படம் முழுவதுமே சுருங்கியிருக்கிறது. பேச்சே இல்லை, ஸ்கேலைக் காட்டினேன், பெரியவர் பார்த்தார், இலவசமாக மறுபடி ஓட்டிக் கொடுத்தார். மின்சாரம் பாதியில் போனால் கெட்ட தாளின் காசு யார் தலையில் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், கடைக்காரர் தலையில்தான் என்றார்.

சட்டம் போடுகிற கடைக்கு விலை கேட்கத்தான் போனேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்றதுமே எழுந்துபோய் கால்குலேட்டர் எடுத்துவந்தார். சொன்ன தொகையில் இந்தப் படத்தைப் பலமுறை அச்சடிக்கலாம். வேண்டாம் என்று வந்து, ஹார்டுவேர் கடையில் மெல்லிய மரச்சட்டம் வாங்கி, மேலும் கீழும் இரண்டிரண்டாக வைத்துப் படத்தை நடுவில் கடித்துக் கயிற்றில் மாட்டிவிட்டேன். நாத்தனார் மட்டும் கண்ணாடிதான் வேண்டும் என்று நிற்கிறாள். போடட்டும். ஆனால் டர்பனின் ஈரக் காற்றில் அச்சு கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது, நடுவே இரண்டையும் தள்ளி வைக்கிற மவுன்ட் அட்டை கட்டாயம்.

கிறிஸ்துமஸ் பரிசாக யாருக்காவது போட நினைத்தால் நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் கட்டட வேலைக்காரர்களின் விடுமுறை தொடங்கிவிடும், அவர்களை நம்பி ஓடும் இந்தக் கடைகளும் ஜனவரி வரை பாதிக் கதவோடுதான் இருக்கும்.