தட்டைப் பூமியில் சூரியன் எப்படி மறையும்?

தட்டைப் பூமிக்காரர்களின் விளக்கங்களைச் சிரித்து ஒதுக்கினால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. அவர்கள் காட்டும் படத்தையே எடுத்துக்கொண்டு, அவர்கள் தரும் அளவுகளிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பரவலாகச் சொல்லப்படும் படம் இது: வட துருவம் நடுவில். அண்டார்க்டிகா, விளிம்பைச் சுற்றிய பனிச்சுவர். சுமார் 50 கி.மீ. குறுக்களவுள்ள சூரியன் 5,000 கி.மீ. உயரத்தில் தட்டுக்கு மேலே வட்டமிடுகிறது. டார்ச் போல ஒரு பகுதிக்கு மட்டும் ஒளி தருகிறது. விலகிப் போனால் இரவு.

அந்த 5,000 சும்மா வந்த எண் அல்ல. பகலும் இரவும் சமமான நாளின் நண்பகலில், நிலநடுக்கோட்டில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அங்கிருந்து 5,000 கி.மீ. வடக்கே, 45 பாகை அட்சரேகையில், 45 பாகை உயரத்தில் தெரியும். தரை தட்டை என்று வைத்தால் முக்கோணக் கணக்கு 5,000 கி.மீ. என்றே சொல்லும். ஆனால் 30 பாகை அட்சரேகையில் அளந்தால் விடை சுமார் 5,800. 60 பாகையில் 3,850. 80 பாகையில் 1,600கூட வராது. எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே விடை வராத உயரத்தை உயரம் என்று சொல்ல முடியாது.

சூரியன் மறைவதற்கு அவர்கள் சொல்லும் காரணம், தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தொடுவானத்தில் கலந்துவிடும் என்பது. இதையும் கணக்கிடலாம். அந்தத் தட்டில் நிலநடுக்கோட்டின் ஆரம் 10,000 கி.மீ. அதே சமநாளில் நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு, மாலை ஆறு மணிக்குச் சூரியன் கால் வட்டம் தள்ளிப் போயிருக்கும்: தரைவழித் தூரம் 14,140 கி.மீ., நேர்த்தூரம் 15,000. அப்படியானால் அது தொடுவானத்துக்கு மேலே 19 பாகைக்கும் அதிகமான உயரத்தில், நண்பகல் அளவில் மூன்றில் ஒரு பங்காக, வடமேற்கில் தெரிய வேண்டும். உண்மையில் அன்று அது நேர் மேற்கில், அளவு குறையாமல், கீழ்விளிம்பிலிருந்து மறைகிறது. தூரத்தால் பொருள் சிறுக்கும், அடியிலிருந்து வெட்டுப்படாது.

அளவை நீங்களே சோதிக்கலாம். 300 மி.மீ. லென்ஸின் முன்பக்கம் சூரிய வடிகட்டி பொருத்துங்கள். வடிகட்டி இல்லாமல் வியூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள். நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று, ஜூமைத் தொடாமல் எடுங்கள். சென்சாரில் பிம்பம் இரண்டு முறையும் சுமார் 2.8 மி.மீ. வரும். சூரியன் சுருங்குவதாகக் காட்டும் வீடியோக்கள் பலவற்றில் வடிகட்டி இருக்காது. அங்கே சுருங்குவது சூரியனைச் சுற்றிய கூசொளி. இன்னொரு தவறும் நடக்கும்: தொடுவானத்தருகே ஒளிவிலகலால் வட்டம் மேல்கீழாக நசுங்கும். அதனால் அகலத்தை மட்டும் அளக்க வேண்டும்.

சந்திர கிரகணம் அவர்களுக்கு இன்னும் கடினம். சூரியனும் நிலவும் தட்டுக்கு மேலேயே இருப்பதால் பூமியின் நிழல் நிலவில் விழ வழியில்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் குறுக்கே வருகிறது என்கிறார்கள். அந்தப் பொருள் மற்ற இரவுகளில் எந்த நட்சத்திரத்தையும் மறைப்பதில்லை. பௌர்ணமியில் மட்டும், எப்போதும் வட்ட விளிம்போடு வருகிறது. கிரகணங்கள் 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் சாரோஸ் சுழற்சியைக் கொண்டு உருண்டை இல்லாமலே கிரகணத்தைக் கணிக்கலாம் என்பார்கள். தேதியைப் பொறுத்தவரை அது உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சூரிய கிரகணத்தின் நிழல் எந்த ஊர்களைக் கடக்கும் என்று சொல்ல, பூமியின் வடிவமும் அளவும் தேவை.

ஈர்ப்புக்குப் பதில், தட்டு முழுவதும் மேல்நோக்கி முடுக்கத்தோடு போகிறது என்கிறார்கள் சிலர். அப்படியானால் விழும் பொருளின் முடுக்கம் எங்கும் ஒரே மதிப்பாக வர வேண்டும், ஆனால் நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி², துருவத்தில் 9.83 மீ/வி² என்று வருகிறது.

தெற்கு வானத்துக்குத்தான் அவர்களிடம் திருப்தியான பதிலே இல்லை. தென் அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் தெற்கே பார்த்தால் நட்சத்திரங்கள் ஒரே புள்ளியைச் சுற்றுகின்றன. அவர்களின் தட்டில் அந்த மூன்று தெற்குகளும் வெவ்வேறு பக்கம் விலகி ஓடும். 2024 டிசம்பரில் தட்டைப் பூமிக்காரர்கள் சிலர் அண்டார்க்டிகாவின் யூனியன் கிளேசியர் முகாமுக்கே போனார்கள். சூரியன் மறையாமல் 24 மணி நேரமும் சுற்றி வந்ததைப் படம்பிடித்தார்கள். பனிச்சுவர்ப் படத்தில் அந்தச் சூரியனுக்கு இடமில்லை.