ஆய்வுக்கூடத்தில் ஒரு கிலோ சோத்தோங்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராயில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அமிலங்களை நீர்த்து வைப்பதும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் அன்றாட வேலைகள். ஆயினும் அறிவியல் கழக மாணவர்களுக்குச் சோத்தோங்கை, அதாவது கணவாயை, அறுத்துக் காட்டும் நாளையே ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பேன். அன்று விடியுமுன் பாசாருக்குப் போய், கோலா குராவிலிருந்து வந்திறங்கும் பெட்டிகளில் கண் தெளிவாக உள்ளவற்றைப் பொறுக்கி, ஒரு கிலோ வாங்கி, ஐஸில் புதைத்துக் கொண்டுவருவது என் பொறுப்பு. நாம் இங்கே பொதுவாகச் சோத்தோங் என்று சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுக் கடற்கரையிலோ ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. நான் வாங்குவது ஊசிக்கணவாய். எட்டுக்கால் கொண்ட ஆக்டோபஸைத்தான் அவர்கள் பேய்க்கணவாய் என்கிறார்கள்.

முதல் ஆண்டில் நடந்தது இன்றும் நினைவிருக்கிறது. வெள்ளைத் தட்டில் கிடத்திய சோத்தோங்கின் முதுகை ஒரு மாணவி விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் கடுகளவு விரிந்து, மீண்டும் ஊசிமுனையளவாகச் சுருங்கின. உயிரோடிருக்கிறது என்று அவள் அலறியபோது எனக்கும் விடை தெரியவில்லை. பிறகுதான் படித்தறிந்தேன். ஒவ்வொரு புள்ளியும் நிறமி நிறைந்த ஒரு சிறு பை. அதைச் சுற்றிலும் உள்ள தசையிழைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி மறையும். உயிருள்ளபோது மூளையிலிருந்து வரும் நரம்புகளே இத்தசைகளை நேரடியாக இயக்குவதால் கண்ணிமைக்கும் நேரத்தில் உடல் முழுவதும் நிறம் மாறுகிறது. பிடித்துச் சில மணி நேரம் வரை அந்தத் தசைகள் தாமாகவும் துடிக்கும். இவ்வளவு நுட்பமாக நிறம் மாற்றும் இவ்வுயிர்களில் பெரும்பாலானவை நிறங்களைப் பிரித்தறிய இயலாதவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உடலை நீளவாக்கில் திறந்தால், உட்சுவரில் வெளிர்மஞ்சள் நட்சத்திரம் போன்ற நரம்புமுடிச்சு வெறுங்கண்ணுக்கே தெரியும். அதிலிருந்து கிளம்பும் பெருநரம்பிழை, பெரிய இனங்களில் ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் கொண்டது. நம் நரம்பிழைகளோடு ஒப்பிட்டால் அது கயிறு போன்றது. அதற்குள் மின்முனையைச் செலுத்தி, நரம்பில் செய்தி எவ்வாறு பாய்கிறது என்று கண்டறிந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர். கவனமில்லாத பிள்ளையைச் 'சோத்தோங்' என்று கேலி செய்வது இந்நாட்டு வழக்கம். அந்தச் சொல் என் ஆய்வுக்கூடத்தில் கேட்டால் நான் இந்த நட்சத்திரத்தைத்தான் காட்டுவேன்.

ஆக்டோபஸின் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்றும், அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அதன் எட்டுக் கைகளில் பரவியிருக்கின்றன என்றும் படித்த இரவில் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தலைவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில் கத்தி சற்றே ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. எப்படி அளவு தெரிகிறது என்று கேட்டால், "கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்பார். ஆக்டோபஸின் கையும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. அதன் உறிஞ்சிகள் ஒவ்வொன்றும் பற்றுவதோடு நில்லாமல் தொட்டதைச் சுவைத்தும் அறிகின்றன. துண்டிக்கப்பட்ட கைகூட ஒரு மணி நேரம் வரை பொருள்களைப் பற்றும். ஆனால் ஆக்டோபஸின் தோலைப் பற்றாது, தோலுரித்த சதையையோ பற்றிக்கொள்ளும். ஜெருசலத்தின் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதை வெளியிட்டனர். எட்டுக் கைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

நம் கடலுக்கு அண்மையில், பாலி, சுலாவேசிப் பகுதிகளில் மனிதர்கள் எறிந்த கொட்டாங்கச்சிகளைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்து, அடியில் அடுக்கி, கைகளை ஊன்றுகோல்போல் விறைத்துத் தூக்கிச் சென்று, வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு பதுங்கும் ஆக்டோபஸ் இனமொன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-இல் பதிவுசெய்தனர். பின்னால் பயன்படும் என்று ஒன்றை இப்போதே சுமப்பது எளிய செயலன்று. பாட்டி காலத்தில் பால் பிடிக்கும் மங்குக்குப் பதிலாகக் கொட்டாங்கச்சியைக் கட்டிப் பால் எடுத்ததை அம்மா சொல்லியிருக்கிறார். ஆக்டோபஸின் இச்செயலை நான் சொன்னபோது அவர் மிகுந்த கவனத்துடன் கேட்டார்.

சென்ற ஆண்டு பெட்டியில் சோத்தோங்குகளுக்கிடையே உள்ளங்கையளவு பேய்க்கணவாய் ஒன்று கலந்து வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்பார்வை குறைந்துவிட்ட அம்மா குழாயடியில் அமர்ந்து, ஒரு கையை நுனியிலிருந்து அடிவரை விரலிடுக்கில் மெல்ல உருவி, உறிஞ்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முடித்ததும் அடுத்த கையை எடுத்தார். எட்டுக் கைகளையும் பார்த்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை. நானும் குழாயை மூடாமல் நின்றிருந்தேன்.